கத்தினால் கிடைக்கும் கூலி: வீட்டு நாய் நம் கவனத்துக்கு ஏன் இப்படி அலைகிறது?

நாய் குரைக்கிறது. வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "டாமி, சும்மா இரு" என்கிறார். மறுபடியும் குரைக்கிறது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "சொன்னா கேக்க மாட்டியா?" என்று அதன் முகத்தைப் பார்த்துக் கத்துகிறார். மூன்றாவது முறை குரைத்ததும் எழுந்து வந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போகிறார். அவர் கணக்கில் இது மூன்று கண்டிப்பு. நாயின் கணக்கில் மூன்று தவணைக் கூலி. முதலில் பெயர் சொல்லி அழைத்தார், அப்புறம் திரும்பிப் பார்த்தார், கடைசியில் எழுந்தே வந்துவிட்டார். நாளைக்குப் போன் மணி அடித்ததும் அது குரைக்கத் தொடங்கினால் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கவன ஈர்ப்பு நடத்தை என்று பயிற்சியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் சொல்வது இதைத்தான். முகத்தைப் பார்த்துக் குரைப்பது, முனகுவது, முன்னங்காலால் தொடையைச் சுரண்டுவது, வருகிறவர் மேல் தாவுவது, செருப்பையோ சாக்ஸையோ கவ்விக்கொண்டு நமக்குத் தெரியும்படி ஓடுவது, டிவி போட்டவுடன் தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிடுவது என்று வடிவம் பல. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: மனிதர் யாராவது அங்கே இருக்க வேண்டும், அவர் ஏதாவது செய்ய வேண்டும். அதனால் இந்த விஷயத்தில் நாயை எவ்வளவு கவனிக்கிறோமோ அதே அளவுக்கு வீட்டிலிருப்பவர்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கூலி யார் கையிலிருந்து போகிறது, எந்த நொடியில் போகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

இதன் அடிப்படை பழைய அறிவியல். 1898இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, அவை வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று குறித்து வைத்தார். முதல் முறை கண்டபடி பிறாண்டித் தற்செயலாகத் தாழை விடுவித்த பூனை, அடுத்தடுத்த முறைகளில் தேவையில்லாத அசைவுகளை விட்டுவிட்டு, பலன் தந்த அசைவுக்கு நேரே போனது. பலன் கிடைத்த செயல் நிலைக்கும், கிடைக்காத செயல் தேயும் என்பது அவர் கண்டது. பிறகு வந்த இன்னொரு அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இதை விரித்து இன்னொன்றைக் காட்டினார்: ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பழகிய விலங்கு, பலன் நின்றதும் ஓரளவு சீக்கிரமே முயற்சியைக் கைவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்துப் பழகியதோ விடாமல் முயன்றுகொண்டே இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது இந்த இரண்டாவது வகை. ஒன்பது முறை கண்டுகொள்ளாமல் இருந்து பத்தாவது முறை "சரி, தொலை" என்று ஒரு பிஸ்கட்டைப் போடுகிறோம். நாய் அதில் கற்றுக்கொள்வது பொறுமை. பத்து முறை கத்த வேண்டும் என்ற பொறுமை.

திட்டு எப்படிக் கூலியாகும் என்று கேட்கலாம். வெறும் வார்த்தைக்கு நாயிடம் அவ்வளவு மதிப்பில்லை என்பது உண்மைதான். எரிக்கா ஃபாயர்பாக்கர், கிளைவ் வின் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாயால் மட்டும் பாராட்டுபவரை விடத் தடவிக்கொடுப்பவரிடம்தான் நாய்கள் அதிக நேரம் இருந்தன. ஆனால் திட்டு தனியாக வருவதில்லையே. முகம் திரும்புகிறது, கண் பார்க்கிறது, உடம்பு நாற்காலியை விட்டு எழுகிறது, சில சமயம் கையும் மேலே படுகிறது. மதியம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத நாய்க்கு அது பெரிய வரவு.

நம் முகத்தைப் படித்த பிராணி

இப்படிக் கவனம் கேட்பது ஏதோ செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது அப்படியில்லை. புடாபெஸ்டில் ஆடம் மிக்லோஷி குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை ஒன்று எளிமையானது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் வீட்டு நாய்களுக்கும், முதலில் எடுக்க முடிகிற மாதிரி இறைச்சி வைத்தார்கள். பிறகு எவ்வளவு முயன்றாலும் எடுக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். ஓநாய்கள் தாங்களே முட்டி மோதிக்கொண்டிருந்தன. நாய்கள் கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு, கூட நின்ற மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. முடியாத வேலை வந்தால் மனிதரைக் கூப்பிடுவது என்பது அந்தப் பிராணியின் இயல்பிலேயே ஏறிப்போன வழி.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் இந்தப் பக்கமே போகின்றன. ஜப்பானில் மிஹோ நாகசாவா குழு 2015இல் காட்டியபடி, நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்குள்ள அதே ஹார்மோன். இங்கிலாந்தில் ஜூலியானா காமின்ஸ்கி குழு 2017இல் கண்டது இன்னும் சுவாரசியம்: மனிதர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாயின் முகபாவங்கள் அதிகமாகின்றன, கையில் தீனி இருப்பதால் அவை கூடவில்லை. ஆக, நாம் பார்க்கிறோமா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டுத் தெருநாய்களைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்களிடம் அறிமுகமில்லாத மனிதர்களை அனுப்பிப் பார்த்தார்கள். சிலர் தீனி மட்டும் கொடுத்தார்கள், சிலர் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். பல முறை சந்தித்த பின், தடவிக் கொடுத்தவர்களை நாய்கள் அதிகம் நம்பின என்று 2017இல் எழுதினார்கள். தர்மபுரி பேருந்து நிலையத்து டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயை ஐந்து நிமிடம் கவனித்தாலே இது புரியும். எந்த வாடிக்கையாளர் வடையின் கடைசித் துண்டைப் போடுவார், யார் "ச்சூ" என்பார், யார் போட மாட்டார் ஆனால் காதைச் சொறிந்துவிடுவார் என்று அதற்குத் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. யாரையும் பார்த்து அது குரைப்பதில்லை. தெருவில் குரைத்தால் கல்தான் வரும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வடை வரும். வீட்டு நாய்க்கு நேர் எதிரான பாடத்தை நாம் நடத்துகிறோம்: பேசாமல் படுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது, ரகளை செய்தால் வீடே திரும்பிப் பார்க்கும்.

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றுதான். நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் "அப்பாடா" என்று நம் வேலையைப் பார்க்கிறோம்.

தோப்பிலிருந்து மாடி வீட்டுக்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நாய் என்றால் நேற்று வரைக்கும் காட்டு வீட்டு நாய்தான். பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில், பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக் கொல்லைகளில், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலத்து ராகிக் காடுகளில் அது அவிழ்ந்தே திரிந்தது. காலையில் ஆட்டின் பின்னால் போகும், மத்தியானம் களி உருண்டை தின்னும், ராத்திரி களத்தில் படுக்கும். யாரும் அதைத் தனியாக உட்கார்ந்து கொஞ்சியதில்லை. ஆனால் நாள் முழுக்க மோப்பம் பிடிக்க மண்ணும், துரத்தப் பன்றியும், கூடவே மனித நடமாட்டமும் இருந்தன. கவனத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் குறைவு.

அந்த வேலைக்கு மரியாதையும் இருந்தது. ஊத்தங்கரைக்கு அப்பால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. தொறுப்பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 வருடத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயர் கல்வெட்டில் ஏறியிருக்கிறது என்றால் சும்மாவா?

இப்போது ஓசூரைப் பாருங்கள். சிப்காட் வளர்ந்தது, பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் குடியேறினார்கள், லேப்ரடாரும் பொமரேனியனும் பீகிளும் மாடி வீடுகளுக்கு வந்தன. லேப்ரடார் வேட்டைக்காரர் சுட்ட பறவையைத் தேடிக் கவ்வி வரப் பழக்கிய இனம், பீகிள் முயலை மோப்பம் பிடித்துத் துரத்தப் பழக்கிய இனம். அவற்றை எட்டுக்குப் பத்து பால்கனியில் விட்டுவிட்டு, இருவரும் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வந்ததும் "ஏன் இப்படி மேலே விழுது?" என்கிறோம்.

இங்கே ஷிப்டு முறை என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து நைட். போன வாரம் சாயங்காலம் நடைக்குக் கூட்டிப்போனவர் இந்த வாரம் அந்த நேரத்தில் தொழிற்சாலையில் இருக்கிறார். அடுத்த வாரம் அதே நேரத்தில் நைட் ஷிப்டுக்காகத் தூங்குகிறார், எழுப்பினால் எரிந்து விழுகிறார். எப்போது நல்லது நடக்கும் என்று நாயால் ஊகிக்க முடியவில்லை. ஊகிக்க முடியாத நாய் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். பிழை அதன் மேல் இல்லை.

இதற்கு ஒரு வழி, நேரத்தை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்வது. வீட்டுக்கு வந்ததும் குளியல், அப்புறம் டீ, டீ டம்ளரைக் கழுவி வைத்ததும் கழுத்துப் பட்டை, அப்புறம் நடை. மணி மூன்றானாலும் பதினொன்றானாலும் வரிசை மாறாது. கொஞ்ச நாளில் டம்ளர் கழுவும் சத்தம்தான் அதற்கு அடையாளம் ஆகிவிடும். அதற்கு முன்னால் கேட்டுப் பயனில்லை என்பதும் பிடிபடும். நடை முடிந்ததற்கும் இப்படி ஓர் அடையாளம் வைக்கலாம். பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் கடை அடைத்தாயிற்று. அதற்குப் பின் பந்தைக் கொண்டுவந்து மடியில் போட்டால் எடுக்கக் கூடாது.

உண்மையிலேயே கவனத்துக்காகத்தானா?

எல்லாக் குரைப்பையும் இந்தக் கணக்கில் எழுதிவிட்டால் பெரிய தவறாகும். முதலில் பார்க்க வேண்டியது நாயின் கண். கவனம் கேட்கும் நாய் நம்மைப் பார்த்துக் குரைக்கும், குரைத்துவிட்டு ஒரு கணம் நிறுத்தி பலன் வருகிறதா என்று பார்க்கும். வெளியே பார்த்து, காதை முன்னால் நிமிர்த்தி, இடைவிடாமல் குரைக்கிறது என்றால் அது செய்தி சொல்கிறது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டோரங்களில் அந்தச் செய்தி யானையாகவோ சிறுத்தையாகவோ இருக்கலாம். அங்கே ராத்திரியில் நாய் குரைத்தால் அதை அடக்கப் பழக்குவது புத்திசாலித்தனம் இல்லை. அதே சமயம் அதை அவிழ்த்து விரட்ட விடுவதும் ஆபத்து; சீண்டப்பட்ட யானை நாயைத் துரத்த, நாய் எஜமானரைத் தேடித்தான் ஓடிவரும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு பழைய செல்போன் போதும். வீடியோ ஓடவிட்டு அரை மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். நாம் இல்லாதபோது தூங்கிவிட்டு, நாம் வந்ததும் ரகளை செய்தால் அது கவன ஈர்ப்பு. நாம் இல்லாதபோதும் ஊளையிட்டு, எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தால் அது தனிமையின் பதற்றம். அதற்கு மருந்து வேறு, கண்டுகொள்ளாமல் விடும் முறை அங்கே நோயைக் கூட்டும். இரண்டுக்கும் நடுவே, செருப்பைக் கடித்துக் குதறிவிட்டுத் தூங்குகிற நாய்க்கு வெறும் சலிப்பு.

உடம்பையும் பார்க்க வேண்டும். இதுவரை ஒட்டாமல் இருந்த நாய் திடீரென்று காலடியிலேயே கிடந்தால், ராத்திரி எழுப்பி எழுப்பி வெளியே போகச் சொன்னால், ஓர் இடத்தையே நக்கிக்கொண்டிருந்தால் காது சீழ், தோல் அரிப்பு, உண்ணிக் காய்ச்சல், சிறுநீர்ப்பை அழற்சி, சர்க்கரை, மூட்டுவலி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பத்து வயது தாண்டிய நாய் இரவில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் முதுமையின் மறதி நோயாக இருக்கலாம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. பெரிய சோதனைகள் தேவைப்பட்டால் நமக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

தடுப்பூசி போடாத நாயிடம் திடீர் மாற்றம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெறிநோயின் தொடக்கத்தில் சில நாய்கள் வழக்கத்துக்கு மாறாக ஒட்டிக்கொள்ளும், சில ஒதுங்கிப் பதுங்கும். குரல் மாறுவது, எச்சில் வழிவது, விழுங்கச் சிரமப்படுவது தெரிந்தால் தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று வாயில் கையை விடக் கூடாது. தள்ளி நின்று மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கடியோ, காயத்தில் எச்சிலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

தீபாவளி வெடிக்கு நடுங்கி மடிக்குள் தலையை நுழைக்கிற நாயைப் பலர் "செல்லம் கொடுத்தா பயம் அதிகமாகும்" என்று தள்ளிவிடுகிறார்கள். பயம் ஓர் உணர்ச்சி, கூலிக்காகச் செய்யும் வேலை இல்லை. அணைத்து உட்காரலாம், ஒன்றும் கெட்டுவிடாது. புதிதாக வந்த குட்டி முதல் சில இரவுகளில் அழுவதும் அப்படியே. 8 வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்று 2017இன் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. தாய்ச்சூடு மறக்காத குட்டியை வராந்தாவில் தனியே போட்டுவிட்டு "அழுது பழகட்டும்" என்பது வீண் கடுமை. கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டியில் படுக்க வைத்து, பிறகு மெல்ல மெல்ல தள்ளி வைத்தால் போதும்.

கண்டுகொள்ளாமல் இருப்பதிலும் ஒரு முறை உண்டு

சரி, கவன ஈர்ப்புதான் என்று உறுதியாகிவிட்டது. இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் அறிவுரை "கண்டுகொள்ளாதீர்கள்" என்பது. அறிவுரை சரி, ஆனால் பாதி அறிவுரை.

முதலில், கூலியை நிறுத்தியவுடன் குரைப்பு குறையாது, கூடும். இத்தனை நாள் பலித்த வழி பலிக்கவில்லை என்றதும் நாய் இன்னும் சத்தமாக, இன்னும் நீளமாக முயன்று பார்க்கும். நடத்தை அறிவியலில் நன்றாகப் பதிவான கட்டம் இது. பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், நாம் பொறுமை இழந்து எழுந்து போகிறோம். இப்போது நாய் கற்றுக்கொண்டது, பழைய சத்தம் போதாது, இந்தச் சத்தம்தான் வேண்டும் என்று. ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். ஆகவே, தாங்க முடியும் என்ற நாட்களில்தான் இதைத் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் வாரத்தில் வேண்டாம். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது.

இரண்டாவது, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது முடியாத காரியம் போலத்தான் இருக்கும். பேரன் நாயைக் கவனிக்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பாட்டி உள்ளேயிருந்து வந்து, "ஏண்டா கண்ணு, வாயில்லா ஜீவன் அது, பசிக்குதோ என்னமோ, இந்தா சாமி" என்று தோசை விள்ளலைப் போட்டுவிடுவார். "பாட்டி, இப்பதான் சாப்பிட்டுச்சு!" என்று கத்திப் பயனில்லை. பாட்டியைத் தடுப்பதை விட அவருக்கும் வேலை கொடுப்பது நடைமுறைக்கு உகந்தது. "அது சத்தம் போடாம படுத்திருக்கும்போது நீங்களே போடுங்க பாட்டி" என்று சொன்னால், கொடுக்கும் ஆசையும் தீரும், பாடமும் கெடாது. என் கணிப்பில், கொஞ்ச நாளிலேயே வீட்டிலேயே நல்ல பயிற்சியாளர் பாட்டிதான் என்று ஆகிவிடும். அவருக்குத்தான் நாள் முழுக்க நாயைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது.

ஓசூர்ப் பக்கம் இன்னொரு குழப்பம். தாத்தா தெலுங்கில் "கூர்ச்சோ" என்பார், பக்கத்து வீட்டம்மா கன்னடத்தில் "கூத்கோ" என்பார், பிள்ளைகள் "சிட்", அம்மா "உக்காரு". நாய்க்கு நாலு மொழியும் பழகும்தான், ஆனால் பழகும் வரை எந்தச் சொல்லும் நிற்காது. ஒரு செயலுக்கு வீட்டில் ஒரே சொல், அதோடு ஒரே கையசைவு என்று முடிவு செய்துகொண்டால் சீக்கிரம் ஆகும். நாய்கள் குரலை விடக் கையசைவை எளிதாகப் பிடிக்கின்றன.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் திறந்துவிட வேண்டும். கவனம் வேண்டும் என்ற தேவை போய்விடாது. தாவுவதற்குப் பதில் என்ன செய்தால் கவனம் கிடைக்கும் என்று காட்டித் தர வேண்டும். நாலு காலும் தரையில் இருந்தால் தலையில் கை. கால் மேலே வந்தால் கையும் கண்ணும் விலகும். இதைச் சொல்லே இல்லாமல் செய்யலாம். வந்த விருந்தாளிகள்தான் பெரும் தடை. வெள்ளை வேட்டியில் கால் தடம் பதிந்த பின்னும், "பரவாயில்லைங்க, விடுங்க, எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும்" என்பார்கள். அவர்களைத் திருத்த முடியாது. விருந்தாளி செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்காரும் வரை நாயைக் கயிற்றில் பிடித்திருப்பதோ, உள் அறையில் விடுவதோ சுலபம்.

சாக்கில் படுக்கப் பழக்குவதை நான் எல்லா வீட்டுக்கும் சொல்வேன். ராகி மூட்டை வந்த பழைய கோணிச் சாக்கு ஒன்று போதும். நாய் தானாக அதன் மேல் கால் வைத்தால் ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழியோ முட்டையோ சாக்கின் மேலேயே போட வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது, அப்போது அது நம் கையைப் பார்த்து நிற்கும். பிறகு உட்கார்ந்தால், பிறகு படுத்தால், பிறகு படுத்தபடி கொஞ்ச நேரம் இருந்தால் என்று நீட்டிக்கொண்டே போகலாம். துண்டு கடலைப்பருப்பு அளவு இருந்தால் போதும். இதில் ஒரு வசதி, சாக்கைச் சுருட்டி எங்கேயும் எடுத்துப் போகலாம். தோப்புக்குப் போனால் மரத்தடியில், உறவினர் வீட்டுக்குப் போனால் திண்ணையில். சாக்கு விரிந்த இடம் அதற்குப் பழகிய இடம்.

நான்காவது, கேட்பதற்கு முன்னால் கொடுப்பது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம், இரவுச் சாப்பாட்டு நேரம், சீரியல் நேரம் என்று ரகளை நடக்கும் நேரங்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவைதான். அதற்குக் கால் மணி நேரம் முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் நன்றாக மோப்பம் பிடிக்க விடுங்கள். வேகமாக இழுத்துக்கொண்டு நடப்பதை விட, ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று முகர விடுவது அதை அதிகம் களைக்க வைக்கும். உணவையும் கிண்ணத்தில் கொட்டி அரை நிமிடத்தில் தீர்க்க வேண்டியதில்லை. பழைய துண்டில் சுருட்டிக் கொடுக்கலாம், அட்டைப் பெட்டிக்குள் காகிதத்தோடு கலந்து வைக்கலாம், மண்தரை இருந்தால் இறைத்துவிடலாம். தேடித் தின்றால் வயிறும் நிறையும், மூளையும் களைக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் எந்த விதத்திலும் வேண்டாம்.

மாம்பழக் காலத்தில்

மே, ஜூன் மாதங்களில் நம் பக்கம் நாய்களுக்கு ஒரு தனி விளையாட்டு வரும். தின்றுபோட்ட மாங்கொட்டையைக் கவ்விக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்து நிற்கும். யாராவது "ஐயோ, கொட்டை!" என்றதும் ஓட்டம். வீடே பின்னால் ஓடும். நாய்க்கு அந்த நாளின் உச்சம் அதுதான். ஆபத்து என்னவென்றால், நாம் நெருங்க நெருங்க, பறிபோய்விடும் என்று அது கொட்டையை முழுதாக விழுங்கிவிடும். குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். வாந்தி, சாப்பிடாமை, மலம் போகாமை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. ஓடாமல், பார்க்காமல், அடுக்களைக்குப் போய் முட்டை வைத்திருக்கும் டப்பாவைத் திறந்து சத்தம் காட்டினால் பெரும்பாலும் கொட்டையைப் போட்டுவிட்டு வந்துவிடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் இந்தப் பண்டமாற்றைச் செருப்பு, பொம்மை என்று ஆபத்தில்லாத பொருள்களை வைத்து முன்பே பழக்கி வைத்திருந்தால் கொட்டை நாளில் கைகொடுக்கும். கொட்டை போடும் குப்பைக் கூடைக்கு மூடி போடுவது அதையும் விட நல்லது.

அடியும் சங்கிலியும்

அடித்தால் நிற்கும் என்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். சில நாய்கள் நிறுத்தும். நம்மைக் கண்டு ஒதுங்கவும் செய்யும். நாயிடம் நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற பேச்சு, 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டில் ஓநாய்களை நேரில் கவனித்த பின், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். பயிற்சி உலகம் அந்தத் தலைவன் கதையை இன்னும் விடவில்லை. திட்டினால் நாய் "தப்பு செஞ்சுட்டேன்" என்று தலையைத் தொங்கப்போடுவதாக நாம் நினைப்பதும் அப்படித்தான். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் சோதித்துப் பார்த்தார்: தப்பு செய்ததா இல்லையா என்பதோடு அந்த முகத்துக்குச் சம்பந்தமில்லை, திட்டு விழுந்ததா என்பதோடுதான் சம்பந்தம்.

தொல்லை தாங்காமல் கேட்டருகே நாள் முழுக்கக் கட்டிப்போடுவது இன்னொரு பழக்கம். கட்டிப்போட்ட நாய்க்குச் செய்வதற்கு இருக்கிற ஒரே வேலை குரைப்பதுதான். எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்தார்கள். இன்றைக்கு அது ஒரு டீ, இரண்டு போண்டா விலை. சட்டத்தை நம்பி நாயைக் காப்பாற்ற முடியாது.

அடங்கிய பழக்கம் திரும்ப வரும்போது

பல வாரம் அமைதியாக இருந்த நாய் ஒரு நாள் காரணமே இல்லாமல் பழையபடி சுரண்டத் தொடங்கும். அணைந்த பழக்கம் இடைவெளிக்குப் பின் தலைகாட்டுவதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவே தன் நாய்களிடம் பார்த்திருக்கிறார். பயிற்சி வீணாகிவிட்டது என்று பதற வேண்டியதில்லை. பழையபடியே கூலி கொடுக்காமல் இருந்தால், முதல் முறையை விடச் சீக்கிரம் அடங்கும்.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நடக்கும். ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்து நாயோடு ஒரே பாயில் புரண்டு, அது காலைத் தூக்கினால் கை குலுக்கி, குரைத்தால் கூடக் குரைத்து விளையாடிவிட்டு, பள்ளி திறந்ததும் பெட்டியோடு பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாளிலிருந்து நாய் வீட்டில் மிச்சமிருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் காலை நீட்டும். விடுமுறையின் கடைசி வாரத்திலேயே பிள்ளைகளின் விளையாட்டு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நடைக்கும் தீனிக்கும் உரிய வரிசையை வீட்டில் தங்கப்போகிறவர் கைக்கு மாற்றிவிட வேண்டும். பிள்ளை பஸ் ஏறும் அன்று மாலை நடை எப்போதையும் விட நீளமாக இருக்கட்டும், சாக்கின் மேல் விழும் துண்டுகளும் கொஞ்சம் கூடுதலாக.